நான் கள்ளுக்கடையை இடம் மாற்றிய கதை

வாயை மூடிக்கொண்டிருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது. வாயைத் திறக்கும்வரை அந்த மரியாதைக்கு ஆபத்து இல்லை. இந்த உண்மையை நான் இருபத்து மூன்றாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், கிள்ளானில், வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டே கற்றுக்கொண்டேன். பஜ்ஜி நன்றாக இருந்தது. மற்றதெல்லாம் விபரீதம்.

அப்போது நான் கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள் (இந்த ஒரு விஷயத்திலாவது வாயை மூடிக்கொள்கிறேன்). சந்தை எங்கே இருக்கலாம், குப்பையை எங்கே கொட்டலாம், கள்ளுக்கடை எங்கே நடக்கலாம் என்றெல்லாம் தீர்மானிக்கிற இடம் அது. கிராணி என்றதும் பெரிய உத்தியோகம் என்று எண்ணிவிட வேண்டாம். இருந்த கிராணிகளில் நான்தான் கடைசி. எனக்குக் கீழே இருந்தது என் நாற்காலி மட்டும். அதுவும் என் பேச்சைக் கேட்காது, ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் கழித்து, கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்க வேலை கையில் இருந்த ஒரே காரணத்தால் எனக்குப் பெண் கொடுக்க ஆள் வந்தது. முகத்துக்காக வரவில்லை என்பதை என் அக்கா அடிக்கடி நினைவூட்டுவாள். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குடியிருப்பில், அவள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். அத்தான் ரயில்வேயில் கார்டு. வேலை போனால் பெண்ணும் போகும், அப்புறம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல்தான் என்று அத்தான் சொல்லுவார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, எனக்கும் தெரியும்.

அலுவலகத்தில் அப்போது இன்னொரு சூடு. துரை கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எங்கள் அலுவலகத்துச் சேதிகள் தமிழ்ப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தன. தண்ணீர் வரி ஏறப்போகிறது என்று ஒரு நாள், சந்தைக் கடைகளை இடிக்கப்போகிறார்கள் என்று இன்னொரு நாள். துரை கொதித்துப்போனார். பெரிய கிராணி சிற்றம்பலம் எங்களை வரிசையாக நிறுத்தினார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. அதனாலேயே அதிகம் பயமாக இருக்கும்.

"கவனமாக் கேளுங்கோ. இனி இந்தக் கந்தோரிலை இருந்து ஒரு செய்தி வெளியிலை போனால், அதைச் சொன்ன ஆளும் வெளியிலை. சர்டிபிகேட்டும் குடுக்க மாட்டினம். விளங்கிச்சுதோ?"

எல்லோரும் தலையாட்டினோம். நான் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்டினேன். ரகசியம் தெரிந்தவன் அல்லவா அதை வெளியே விட முடியும்? எனக்குத்தான் எதுவும் தெரியாதே!

கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது.

எங்கள் வட்டாரத்துக் கள்ளுக்கடை ரயில்வே பட்டறையின் வாசலுக்கு எதிரிலேயே இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போகிற ஆட்களில் பாதிப் பேர் பட்டறைக்குத் திரும்புவதில்லை, திரும்பியவர்களும் சுத்தியலை நேராகப் பிடிப்பதில்லை என்று புகார். கடையை வேறிடத்துக்கு மாற்றுவதென்று துரையும் எஞ்சினீயர் துரையும் ஊரின் பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார்கள். தலைக்கு மேல் காற்றாடி சுற்றியது. படம் பறந்தது. பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்று இரண்டு மூலைகளையும் அமுக்கிக்கொண்டேன். துரையின் விரல் பட்டறையிலிருந்து கிளம்பி, ரயில் பாதையைத் தாண்டி, ஓரிடத்தில் போய் நின்றது. "இங்கேதான். நிலத்தை வாங்கும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது. தெரிந்தால் நிலத்துக்காரன் விலையை ஏற்றிவிடுவான்" என்றார். என் கண்ணும் விரலோடு போய் நின்றது. அது எங்கள் அம்மன் கோயிலை ஒட்டிய காலி நிலம்! துரைகளுக்குக் கோயிலென்ன, கள்ளுக்கடையென்ன என்று மனதுக்குள் பொருமிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. அந்தப் பெருமை எனக்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பெண் பார்க்கப் போனோம். ரயிலில் அக்கா எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள்.

"இங்க பாருடா சண்முகம். மாப்பிள்ளை வாயத் தொறக்கக் கூடாது. கேட்டா ஒரு வார்த்தை, அதோட நிறுத்திக்க."

"பொண்ணோட தாய்மாமன் கேட்டா?"

"அவரு கேட்டா மட்டும் பதில் சொல்லு. அவரு தலையாட்டாம இந்தக் கல்யாணம் இல்லை."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பெண்ணின் அப்பா துறைமுகக் கிடங்கில் கணக்கு எழுதுபவர், சாது. தாய்மாமன் சாமிக்கண்ணு கிள்ளானில் மளிகைக்கடை வைத்திருந்தார். காதில் பென்சில் செருகியிருந்தது. கடைக்காரர் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, கோப்பியை ஏந்திய விரல்களும் வந்தன. அந்த விரல்களுக்குச் சொந்தக்காரியின் பெயர் லோகாம்பாள் என்றார்கள். தலை குனிந்து வந்தவள் குனிந்தபடியே உள்ளே போய்த் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நானும் நிமிர்ந்து பார்க்கவில்லை (தைரியம் இல்லை).

மாமா ஆரம்பித்தார்.

"தம்பி ஆபீசுல என்ன வேலை பாக்கறீங்க?"

"கிராணிங்க."

"உக்காந்து எழுதற வேலையா, இல்ல தொரைகூட நின்னு பாக்கற வேலையா?"

கிராணி என்று சொன்னபோது அசையாத திரை, துரை என்றதும் லேசாக அசைந்தது. அந்த அசைவுதான் என்னைக் கெடுத்தது.

"தொரை என்னைக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டாருங்க" என்றேன். அக்கா இருமினாள்.

"அப்படியா! அப்ப ஊர்ல நடக்கற பெரிய விசயமெல்லாம் தம்பிக்குத் தெரிஞ்சுதான் நடக்குதுன்னு சொல்லுங்க."

"பாதி நான் சொல்லித்தாங்க நடக்குது." அத்தான் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். பாராட்டுகிறார் என்று நினைத்தேன்.

"சும்மா ஒண்ணு சொல்லுங்க லா. நாங்களும் தெரிஞ்சுக்கறோம்."

தாய்மாமன் கேட்கிறார், பரீட்சை வைக்கிறார், பதில் தெரியாதவனுக்குப் பெண் இல்லை. அப்படித்தான் என் புத்தி ஓடியது. கள்ளுக்கடை கோயில் பக்கத்துக்குப் போகப்போகிறது என்று சொன்னேன். திரைக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். மாமா என் தட்டில் இன்னும் இரண்டு பஜ்ஜி வைத்தார். கோயிலுக்கு எந்தப் பக்கம், எந்தச் சடக்கு (சாலை), யார் முடிவு செய்தது, எப்போது மாற்றுகிறார்கள் என்று கேள்விமேல் கேள்வி. மருமகளைக் கட்டப்போகிறவன் மேல் மனிதருக்கு எவ்வளவு அக்கறை என்று உருகிப்போனேன். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததையும் சேர்த்துச் சொன்னேன்.

கடைசியில் மாமா கேட்டார்: "இத நாலு பேருக்கு எடுத்துச் சொல்லலாமா தம்பி?"

மாப்பிள்ளையின் செல்வாக்கைச் சொந்தபந்தங்களிடம் சொல்லிப் பெருமைப்படப்போகிறார் என்று நினைத்தேன். "தாராளமாச் சொல்லுங்க மாமா!" என்றேன். மாமா என்று நான் அழைத்ததில் அவருக்கும் சந்தோஷம்.

ஸ்டேஷனுக்கு வழியனுப்ப வந்த பெண்ணின் அப்பா, வண்டி நகரும்போது ஜன்னலோரம் நடந்துகொண்டே சொன்னார்: "மச்சானுக்கு உங்களை ரொம்பப் புடிச்சுப்போச்சு. அவரு கடைய மட்டுமா பாக்கறாரு? தமிழ்ப் பேப்பருக்குக் கிள்ளான் நிருபரும் அவருதானே!"

வண்டி வேகமெடுத்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அத்தான், வண்டிய நிறுத்துங்க!"

"இன்னிக்கு நான் கார்டு இல்லடா, பயணி. வண்டிய நிறுத்தி என்ன பண்ண? உன்னையில்ல நிறுத்தியிருக்கணும்" என்றார் அத்தான். வண்டி பத்து தீகா ஸ்டேஷனுக்குள் நுழைந்தது. அக்கா அழத் தொடங்கியது அங்கேதான்.

அந்த வாரமே செய்தி வந்துவிட்டது. "கோயிலருகே கள்ளுக்கடையா?" என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே, "அரசாங்க உயரதிகாரி ஒருவர் நமது கிள்ளான் நிருபரிடம் தெரிவித்ததாவது..." உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், உயரதிகாரி என்ற சொல்லைப் பார்த்ததும் முதலில் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது நன்றாகவே வந்தது.

அலுவலகத்தில் துரை பத்திரிகையை மேசைமேல் அறைந்தார். தமிழில் இருந்ததால் என்ன அறைகிறோம் என்று அவருக்கே முழுதாகத் தெரியவில்லை. மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பெரிய கிராணி தனக்குப் பிடிக்காத வேலைகளைக் கீழே தள்ளிவிடுவது வழக்கம். தள்ளத் தள்ள அது கடைசிக் கிராணியிடம் வந்து நின்றது. என் வாயிலிருந்து போன செய்தியை நானே துரைக்கு வரி வரியாக வாசித்துச் சொன்னேன்.

உயரதிகாரி என்ற இடம் வந்ததும் துரையின் முகம் மாறியது. எங்கள் அலுவலகத்தில் உயரதிகாரிகள் என்று இருந்தது துரையும் எஞ்சினீயர் துரையும்தான். தான் சொல்லவில்லை என்பது துரைக்குத் தெரியும். ஆகவே அன்றிலிருந்து அவர் எஞ்சினீயர் துரையோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அந்த மனிதர் என்ன ஏதென்று புரியாமல், தன் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பரிதாபமாக உட்கார்ந்திருப்பார். அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் நான் குனிந்துகொண்டு ஓடுவேன்.

வெளியே நிலைமை இன்னும் மோசம். கோயில் கமிட்டி கொதித்தது. குடிக்கிற கூட்டம் சந்தோஷப்பட்டது. பட்டறை ஆள் ஒருவர் கோயிலுக்கே போய்க் குருக்களிடம், "கடைக்குக் கதவு எந்தப் பக்கம் வைக்கறாங்க சாமி?" என்று விசாரித்திருக்கிறார். மறுநாள் காலை கமிட்டிக்காரர்கள் கோட்டும் தலைப்பாகையுமாகத் துரையைப் பார்க்க வந்துவிட்டார்கள். பேச்சை மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவன் அப்படியே நின்றுவிட்டேன். கமிட்டிக்காரர்களோடு, காதில் பென்சிலோடு, சாமிக்கண்ணு மாமா நின்றுகொண்டிருந்தார்.

மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும், என் கதை முடிந்தது. வேலை போகும், பெண் போகும், கப்பல் ஒன்றுதான் மிஞ்சும். மாமா என்னைப் பார்த்தார். கண் லேசாக விரிந்தது. துரையை ஆட்டிவைக்கிறவன் துரையின் நாற்காலிக்குப் பின்னால் கைகட்டி நிற்பதை அவர் கவனித்துக்கொண்டார் என்பது தெரிந்தது. ஆனால் மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை.

கமிட்டிக்காரர்கள் அவரைப் பத்திரிகை நிருபர் என்று அறிமுகப்படுத்தியதும் துரை நேராக அவரிடமே வந்தார். "இதை எழுதியவர் இவர்தானே? யார் சொன்னது என்று கேள்."

நான் மாமா பக்கம் திரும்பினேன். "இந்தச் செய்தியை உங்களுக்கு யார் சொன்னார்கள் என்று துரை கேட்கிறார்."

மாமா என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "நம்பத்தகுந்த எடத்துலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுங்க தம்பி."

சொன்னேன்.

"பெயரைக் கேள்."

"பேரச் சொல்ற பழக்கம் எங்கிட்ட இல்லை. ஜெயில்ல போட்டாலும் வராதுன்னு சொல்லுங்க."

இதை நான் மொழிபெயர்த்த வேகத்தையும் உருக்கத்தையும் அந்த அறை அதற்கு முன் பார்த்திருக்காது. துரை விடவில்லை. "அவன் எப்படிப்பட்ட ஆள் என்றாவது சொல்லச் சொல்."

மாமா என்னைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். "நல்ல பையன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்."

"மிகவும் நேர்மையானவராம்" என்று துரையிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெரிய கிராணி தொண்டையைச் செருமினார். அவருக்குத்தான் தமிழ் தெரியுமே!

துரைக்குப் பொறுமை போய்விட்டது. "படத்தைக் கொண்டு வா" என்று கத்தினார். படம் வந்தது, விரிந்தது, காற்றாடியில் பறந்தது. பிடித்துக்கொள்ள என்னையே கூப்பிட்டார். எதிர்ப்பக்கம் முழுவதும் கமிட்டிக்காரர்கள் அடைத்துக்கொண்டு நின்றதால், இந்த முறை நான் துரையின் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் அந்தப் படத்தை வாழ்க்கையில் முதல் முறையாக நேராகப் பார்த்தேன்.

கோயில் வலது பக்கம் இருந்தது. துரையின் விரல் இடது பக்கம், ரயில் பாதைக்கு அப்பால், மரக்கிடங்கை ஒட்டிய காலி நிலத்தில் போய் நின்றது. "இங்கே! ஆரம்பத்திலிருந்தே இங்கேதான்! கோயில் பக்கத்தை யாரும் நினைக்கக்கூட இல்லை!"

நான் அன்றைக்கு எல்லாவற்றையும் தலைகீழாகப் பார்த்திருக்கிறேன். படத்தில் எழுதியிருந்த பெயர்களைப் படித்துப் பார்க்கவேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. துரையின் ரகசியத்தை நான் வெளியே விடவே இல்லை. வேறு எதையோ விட்டிருக்கிறேன்!

துரை சிரித்தார், பல நாள் கழித்து. "இந்த அலுவலகத்தில் வேலை செய்கிற எவனும் இவ்வளவு முட்டாள்தனமாக உளற மாட்டான். யாரோ வெளியாள் உங்களை ஏமாற்றியிருக்கிறான் என்று சொல். விசாரணை முடிந்தது."

முட்டாள் என்ற சொல்லை நான் ஆசை தீர அழுத்திச் சொன்னேன். அதைவிட இனிமையான வசவு அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்ததில்லை. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

கமிட்டிக்காரர்களும் மலர்ந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் அந்த மரக்கிடங்கு நிலத்துக்காரருக்குச் சம்பந்தி என்பது துரைக்கு எப்படித் தெரியும்? மாமா காதிலிருந்த பென்சிலை எடுத்தார். அடுத்த இதழில், "துரையவர்களே நமது நிருபரிடம் நேரில் கூறினார்" என்று இடம், திசை எல்லாம் பிசகாமல் வந்துவிட்டது. நிலத்தின் விலையும் ஏறிவிட்டது. எங்கள் அலுவலகத்தின் உண்மையான ரகசியம் ஒன்றை நிருபரிடம் நேரடியாகச் சொன்னது கடைசியில் துரைதான். அதைப் பற்றி யாரும் விசாரணை வைக்கவில்லை. எஞ்சினீயர் துரையோடு மட்டும் அவர் மறுபடி பேசத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் பெரிய கிராணி என் மேசையருகே வந்து நின்றார். நான் எழுந்தேன், நாற்காலி ஆடியது. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்: "தம்பி, இனிமேல் மாப் படத்தைப் பிடிக்கேக்கை துரையின்ரை பக்கம் நிண்டு பிடியும்." அவ்வளவுதான். ஓய்வு பெறும்வரை அவர் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அந்த நல்ல மனிதரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கண் கலங்கும்.

வேலை தப்பியது. பெண்? படத்தைத் தலைகீழாகப் பார்த்ததை அலுவலக வாசலில் நான் ஒப்புக்கொண்டதும் மாமா என்னிடம் கொதித்துவிட்டுத்தான் போயிருந்தார். "கிள்ளான் பாசார் பூரா என்னைப் பாத்துச் சிரிக்கப்போகுது. தெரியலன்னா தெரியலன்னு சொல்றதுக்கு என்ன தம்பி?" கல்யாணம் என்று நான் இழுத்தேன். "வீட்ல பேசறோம்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பிறகு எந்தத் தகவலும் இல்லை. அக்கா சமைத்தாள், நான் சாப்பிடவில்லை. நான் சாப்பிடாமல் இருந்தது அந்த வீட்டில் அதற்கு முன் நடந்ததில்லை.

ஒரு நாள் பெண்ணின் அப்பா வாழைத்தாரோடு வந்து இறங்கினார். வீட்டில் நடந்ததைச் சொன்னார். மாமா எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறார். இந்த ஆள் துரையை ஆட்டிவைக்கிறவன் இல்லை, வரைபடத்தைப் பிடிக்கிறவன், அதையும் தலைகீழாகப் பிடிக்கிறவன் என்று. எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து லோகாம்பாள் குரல் கொடுத்தாளாம்.

"அவருக்குப் பொய்யும் சரியா வரல, ரகசியமும் தங்கல. இவர வச்சுச் சமாளிச்சுடலாம்பா. சரின்னு சொல்லிடுங்க."

அக்கா அழுதாள். இந்த முறை வேறு அழுகை. நான் அன்று இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

லோகா கணித்தது சரிதான். கல்யாணமான வாரத்திலேயே பெரிய கிராணி சொன்னது உட்பட அத்தனையையும் அவளிடம் ஒப்பித்துவிட்டேன். அன்றே அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டாள். மழை வரும் என்றாலும், மீன் விலை இறங்கிவிட்டது என்றாலும், எதிர்வீட்டுக்காரர் வீடு மாற்றப்போகிறார் என்றாலும், "எந்தப் பக்கம் நின்னு பாத்தீங்க?" என்பாள். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். பிறகு மருமகன்கள். இப்போது பேத்தி, பேச்சே இன்னும் சரியாக வராதவள், அவளும் கேட்கிறாள்.

போன தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். எல்லோர் முன்னாலும் லோகா மறுபடி அதைக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"என்னையே கேக்கறியே, நீ என்னை எந்தப் பக்கம் நின்னு பாத்தே? அத மொதல்ல சொல்லு."

அதிரசத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"நான் எங்க பாத்தேன்? பாத்திருந்தா சரின்னு சொல்லியிருப்பேனா?"